உலை வைக்கச் சொல்லும் விசில்

1

என் புருசன் காலமாகி ஒரு வருடம் நிறைந்த அன்று, இவருடைய ஆட்டைத் திவசத்தன்று, மத்தியானத்துக்குப் பிறகு நான் குசினியில் நின்று இரண்டு பேருக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். ஏன் இரண்டு பேருக்கு என்று எனக்கே தெரியவில்லை. படையல் காலையிலேயே முடிந்துவிட்டது. ஐயர் கம்பியூட்டர் திரையில் வந்து மந்திரம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகள் வாணியும் தன் வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் நான் ஒருத்தி. பானையை அடுப்பில் ஏற்றிய பிறகுதான் விளங்கியது, கொஞ்சம் முன்பு ஒரு விசில் கேட்டது, அதற்குத்தான் என் கை அரிசிப் பேணியைத் தேடிப் போயிருக்கிறது என்று.

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு முதலில் என் வீடு இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வடக்கே, மன்செஸ்டரில் இருந்து மலைப்பக்கம் ஏறினால் வருகிற ஒரு சின்ன ஊர். தோட்டத்து வேலிக்குப் பின்னால் ஒரு பழைய ரயில்பாதை. அரசாங்கம் கைவிட்ட பாதையை ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்து, வசந்தம் தொடங்கி இலை கொட்டும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நீராவி எஞ்சின் ஓட்டுகிறார்கள். சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்கிற வேலை. இவர் பென்சன் எடுத்த பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் அங்கே டிரைவர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கல்லுப்பாலத்துக்கு வரும்போது ஒரு விசில் அடிப்பார். ஒரு நீட்டு, இரண்டு குட்டை, பிறகு கதவை மெல்லச் சாத்துகிற மாதிரி இறங்கி அணைகிற ஒரு இழுப்பு. ‘நான் திரும்பி வருகிறேன், உலையை வை’ என்று அர்த்தம். எஞ்சினைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கைகால் கழுவி வீட்டுக்கு வரவும் சோறு வேகவும் சரியாக இருக்கும்.

போன வருடம் இவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த விசிலை நான் கேட்கவில்லை. ஆட்டைத் திவசத்தன்று கேட்டேன்.

பயந்துபோனேன். ரயில் பார்க்கிற பைத்தியங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: நம்பரைக் கண்ணால் கண்டால்தான் அந்த எஞ்சின் கணக்கு, சத்தத்தைக் கேட்டேன் என்பதெல்லாம் கணக்கில்லை. ஆயுள் முழுக்க அந்தச் சட்டப்படி நடந்த நான் அன்றைக்கு ஜன்னலடிக்குப் போகவில்லை.

அடுத்த ஞாயிறும் விசில் கேட்டது. அதற்கடுத்த ஞாயிறும் கேட்டது. இந்தத் தடவைகளில் ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சை எஞ்சின், புகை, உள்ளே இரண்டு உருவங்கள். யார் கயிறை இழுத்தார்கள் என்று நீராவிக்குள் தெரியவில்லை. ஆனால் விசில் இவருடையதுதான். கடைசி இழுப்பு உட்பட.

வாணியிடம் சொல்லவில்லை. இந்த நாட்டில் என் வயதில் ஒருத்தி செத்துப்போன புருசனுடைய விசில் கேட்கிறது என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு டொக்டர் வந்து இன்றைக்கு என்ன கிழமை, பிரதமர் யார் என்று கேட்பார். பிறகு மகள் வீட்டை விற்பதைப் பற்றி மெதுவாகக் கதைக்கத் தொடங்குவாள். ஏற்கெனவே ஒரு அரசாங்கக் கந்தோரில் இருந்து இவர் பெயருக்குக் கடிதம் மேல் கடிதமாக வந்துகொண்டிருந்தது. ஆள் இறந்துவிட்டார் என்று போன் எடுத்துச் சொன்னேன். ‘மன்னிக்கவும், அவருடைய விசயத்தை அவரோடு மட்டும்தான் கதைக்கலாம்’ என்றாள் அங்கே இருந்த பிள்ளை. நானும் ஒரு வருடமாக அவரோடு கதைக்கத்தான் பார்க்கிறேன், உனக்குக் கிடைத்தால் எனக்கும் சொல்லு என்று வைத்துவிட்டேன்.

ஆனால் நான் பயந்ததற்கு உண்மையான காரணம் டொக்டரும் இல்லை, வீடும் இல்லை. இதே விசில் செத்த மனிதர் ஒருவருக்காக ஒலித்ததை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டு உலை வைத்த ஒரு மனுசியையும் பார்த்திருக்கிறேன்.

2

அந்த நாள் வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் எங்களுடையதும் ஒன்று. கடைசி வீடு, ஒழுங்கை முழுக்க ஜயசேன மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்ட சிங்களவருடையது. அதற்கு முந்தினது எங்களுடையது. அதற்கப்பால் தாழம்பற்றை, தண்டவாளம், கருங்கல்லு, கடல். இப்போது அந்த இடத்தில் பெரிய றோட்டும் அடுக்குமாடியும் என்று கேள்வி. அந்த நாளில் அம்மா உடுப்புக் காயப்போடுவதே கோச்சி நேரம் பார்த்துத்தான். பிந்திப் போட்டால் அப்பாவின் வெள்ளை வேட்டியில் கரி பொட்டுப் பொட்டாக வந்து இறங்கும்.

நான் பள்ளிக்கூடம் முடித்து டைப்பிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த குமர்ப்பிள்ளை. வேலை இல்லாத நேரமெல்லாம் பின்மதிலில் ஏறி நின்று எஞ்சின் நம்பர் பார்ப்பேன். பார்த்த நம்பரைக் கரிக்கட்டியால் மதிலில் எழுதுவேன். சபாபதியின் மகள் மதிலில் நின்று பெடியன்களைப் பார்க்கிறாள் என்று ஒழுங்கை முழுக்கக் கதை. பெடியன்களில் என்ன கிடக்கிறது பார்க்க? ஒரு பெடியன் மற்றப் பெடியன் மாதிரித்தான் இருப்பான். எஞ்சின்கள் அப்படி இல்லை. ஒன்று ஆஸ்த்மாக்காரன் போல இழுக்கும், இன்னொன்று கல்யாணவீட்டுக்குப் பிந்தினவன் போல ஓடும். பக்கத்தில் பித்தளைத் தகட்டில் கிளாஸ்கோ, மன்செஸ்டர் என்று பிறந்த ஊர் இருக்கும். மன்செஸ்டர் என்ற சொல்லை நான் முதன்முதலில் வாசித்தது புத்தகத்தில் இல்லை, எஞ்சினில்தான்.

அது நீராவியின் கடைசிக் காலம். கனடாவில் இருந்து டீசல்கள் வந்து இறங்கிவிட்டன. அலுமாரிக்குச் சக்கரம் பூட்டினது போல ஒரு வடிவம், மாடு கத்துவது போல ஒரு ஹோர்ன். ஒரு கிழமை பார்த்த பழைய நம்பர் அடுத்த கிழமை வராது. கேட்டால், இரத்மலானையில் வெட்டி இரும்பாக்கியாச்சு என்பார்கள். வண்டியில் புகையே இல்லாமல் போன பிறகும் எங்கள் நாட்டில் அதற்குப் புகையிரதம் என்றுதான் பெயர். எனக்கு அப்போதே அது ஒரு மாதிரி இருக்கும்.

ஜயசேன மாத்தயா நீராவி டிரைவர். அந்தக் காலத்து டிரைவர்மாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாதை ஓரம் வீடு உள்ளவர்கள் வீட்டைத் தாண்டும்போது தங்களுக்கென்று ஒரு விசில் அடிப்பார்கள். சட்டத்தில் இல்லாத விசில், ஆனால் மேலே உள்ளவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. பின்னேரம் அளுத்கமையில் இருந்து வருகிற வண்டியைக் கோட்டை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், எஞ்சினைத் தெமட்டகொடை ஷெட்டில் விட்டுவிட்டு, வேறு கோச்சியில் ஏறி அவர் வீட்டுக்கு வருவார். தெகிவளை வளைவு கழிந்ததும் அந்த விசில்: ஒரு நீட்டு, இரண்டு குட்டை, இறங்கி அணைகிற ஒரு இழுப்பு. உடனே அவருடைய மனைவி சோமா அக்கா அடுப்பை மூட்டுவார். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்த விசில்தான் அந்த வீட்டில் பிள்ளைச்சத்தம் மாதிரி. அதைக் கேட்டு எங்கள் அம்மாவும் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்துவிடுவாள்.

3

ஜயசேன மாத்தயா ஒரு காலையில் ஷெட்டில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பிடித்தபடி கீழே இருந்தார். பிறகு எழும்பவில்லை. ஷெட்டில் இருந்து ஆள் வந்து சோமா அக்காவிடம் சொன்னார்.

சிங்கள பௌத்த வீடுகளில் ஏழாம் நாள் தானம் கொடுப்பார்கள். பிக்குமாருக்குச் சாப்பாடு, பிறகு வந்த சனத்துக்கு. அன்றைக்கு ஒழுங்கை நிறைய வெள்ளை உடுப்புப் போட்ட ரெயில்வேக்காரர்கள். பின்னேரமாகியும் சனம் கலையவில்லை. நான் எங்கள் முற்றத்தில் இருந்து அவர்கள் வீட்டுக் கிடாரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அளுத்கமை வண்டி வருகிற சத்தம் கேட்டது. நிமிரவில்லை, கை முழுக்கச் சாம்பல்.

அப்போதுதான் விசில் கேட்டது.

பக்கத்து வீட்டில் அவ்வளவு பேரும் ஒரேயடியாகப் பேச்சை நிறுத்தினார்கள். வண்டி போய்க் கடல் சத்தம் திரும்பக் கேட்கும் வரைக்கும் ஒருவரும் அசையவில்லை. அதற்குப் பிறகு சுள்ளி முறிகிற சத்தம் வந்தது. சோமா அக்கா உள்ளே போய் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார்.

அன்று தொடங்கியது. அடுத்த கிழமையில் இருந்து அநேகமாக ஒவ்வொரு பின்னேரமும் அந்த விசில் வந்தது. சோமா அக்கா வெள்ளைச் சேலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பூப்போட்ட சட்டைக்குத் திரும்பினார். சோறு ஆக்கி, மீன் குழம்பு வைத்து, கோப்பையைக் கவிழ்த்து மூடி வாசலில் இருந்தார். பொழுதுபட்ட பிறகு அதை அள்ளி நாய்க்குப் போட்டார். மறுநாள் திரும்பவும் ஆக்கினார்.

ஒருநாள் மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், தங்கச்சி என்கிற அந்த ‘நங்கி’யை மட்டும் அப்படியே விட்டு. “நங்கி, இண்டைக்கு மாத்தயாவுக்குப் பசி கூட. விசில் கொஞ்சம் அவசரமாக் கேட்டது, கவனிச்சியா?”

நான் கவனித்திருந்தேன். அன்றைக்கு விசில் அவசரமாகத்தான் அடித்தது.

பாணந்துறையில் இருந்து சோமா அக்காவின் தம்பி பென்சன் கடதாசிகளோடு வந்தார். கைம்பெண் என்று கையெழுத்து வைத்தால்தான் பென்சன் வரும், வைக்காவிட்டால் வீட்டு வாடகைக்கும் வழியில்லை. சோமா அக்கா பேனையைத் தொடவில்லை. “மனுசன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டுக்கு வாறார். நான் ஏன் கைம்பெண் எண்டு கையெழுத்து வைக்க வேணும்?” என்று கேட்டார். தம்பி எங்கள் அம்மாவிடம் வந்து இருந்து அழுதார்.

4

எனக்கு ஆத்திரம் வந்தது. பேயோ பிசாசோ, நீராவி விசிலுக்குக் கயிறு உண்டு, கயிற்றை யாரோ இழுக்க வேண்டும். அடுத்த நாள் மதிலில் ஏறி நின்று எஞ்சினுக்குள்ளேயே பார்த்தேன். இழுத்தது ஜயசேன மாத்தயாவிடம் வேலை பழகிய ஃபயர்மன், கரி அள்ளிப் போடுகிற பெடியன். கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து இருக்கிற யாழ்ப்பாணத்து ஆள் என்று அப்பா சொன்னார்.

மறுநாள் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வந்து நின்றதும் பிளாட்பாரத்தின் தொங்கல் முனைக்கு நடந்து எஞ்சினுக்குக் கீழே நின்றேன்.

“அந்த விசிலை நிப்பாட்டுங்கோ,” என்றேன்.

மேலே இருந்து ஒரு கரிமுகம் எட்டிப் பார்த்தது. “எந்த விசில்?”

“எந்த விசில் எண்டு உங்களுக்குத் தெரியும். சோமா அக்கா அதைக் கேட்டுச் சோறு ஆக்கிக்கொண்டு இருக்கிறா. பென்சனுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நிக்கிறா.”

“அவவுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும் எண்டுதான் அடிச்சனான்.”

“ஆறுதலோ? இன்னும் ரெண்டு மாதம் போனால் மனுசியை அங்கொடைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேணும்.”

அவருடைய முகம் விழுந்துவிட்டது. “தானத்தண்டு விசில் கேட்டோண்ண அவவின்ர முகத்தைப் பாத்தனான். அவ்வளவு வெளிச்சம். அதுக்குப் பிறகு அந்த இடத்தால சும்மா போக மனம் வரேல்லை.” கார்ட் பச்சைக்கொடி காட்டினார். “சரி. இனி அடிக்கமாட்டன்,” என்றார்.

சொன்னபடி நடந்தார். அடுத்த நாள் அளுத்கமை வண்டி வாயைத் திறக்காமல் போயிற்று. சோமா அக்கா ஒழுங்கைக்கு வந்து நின்று என்னைப் பார்த்தார்.

“நங்கி, கோச்சி போச்சுதா?”

“ஓம் அக்கா, இப்பதான் போனது.”

தண்டவாளப் பக்கம் திரும்பினார். பிறகு, “முதல் தரம் செத்தப்ப ஷெட்டில இருந்து ஆள் வந்து சொன்னாங்க,” என்றார். “இந்தத் தரம் ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே.”

அந்தக் கிழமையே கையெழுத்து வைத்தார். வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு தம்பியோடு பாணந்துறைக்குப் போனார். பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் சொல்லுவேன், பென்சன் இல்லாமல் அந்த மனுசி என்ன செய்வார்? ஆனாலும் அவர் சொன்ன அந்த வார்த்தை என்னோடு கடல் தாண்டி வந்துவிட்டது.

5

அந்தக் கரிமுகம்தான் இவர். வெள்ளவத்தை ஸ்டேஷனில் என்னிடம் பேச்சு வாங்கிக்கொண்டு போனவர், ஒரு மாதம் கழித்து மதிலுக்குக் கீழே வந்து நின்று, “உங்களுக்கு எத்தினை நம்பர் சேர்ந்திட்டுது?” என்று கேட்டார். வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் அப்போதே விழுந்துவிட்டேன். வீட்டில் பெரிய சண்டை. டொக்டரையும் எக்கவுண்டன்டையும் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குக் கரி அள்ளுகிற மாப்பிள்ளை. கல்யாணக் கார்ட்டில் ‘ரெயில்வே’ என்று மட்டும் போட்டார்கள். என் மாமா கேட்டவர்களுக்கெல்லாம் இன்ஜினியர் என்று சொல்லி வைத்தார். யாராவது பெரிய கேள்வி கேட்டுவிடுவார்கள் என்று இவர் கல்யாணவீடு முழுக்க வாயே திறக்கவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் பகிடியாகத்தான் கேட்டேன். “தானத்தண்டே தொடங்கிட்டியளே, ஒரு கிழமை பொறுத்திருக்கக் கூடாதோ?”

“தானத்தண்டு அடிச்சது நான் இல்லை,” என்றார்.

“பின்னே?”

“நான் அண்டைக்கு வேலையில இல்லை. அவையின்ர வீட்டுப் பின்பக்கத்தில நிண்டு கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். இல்லாட்டி அவவின்ர முகத்தை எப்பிடிப் பாத்திருப்பன்?”

“அப்ப யார் அடிச்சது?”

“தெரியாது. எஞ்சினில நிண்ட ரெண்டு பேரையும் கேட்டனான். வெள்ளவத்தைக்குக் கிட்ட விசிலே தொடேல்லை எண்டு சொல்லிச்சினம். நான் தொடங்கினது அடுத்த கிழமைதான்.”

நான் நம்பவில்லை. இவர் பெரிய பகிடிக்காரர், முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல் புளுகுவார். சோமா அக்காவிடம் போய் ‘அன்றைக்குக் கோப்பை கழுவினது யார்’ என்று விசாரிக்கவா முடியும்? விட்டுவிட்டேன். ஆனால் எப்போது கேட்டாலும் இவர் அதே பதிலைத்தான் சொன்னார். சாகும் வரைக்கும் மாற்றவில்லை.

இங்கிலாந்துக்கு வந்தது சிங்களப் பரீட்சையால். ஜயசேன மாத்தயாவோடு நாள் முழுக்கச் சிங்களத்தில் கதைத்து வேலை பழகின மனிதருக்கு, சிங்களத்தில் கட்டுரை எழுதத் தெரியாது என்று சம்பள உயர்வை நிறுத்தினார்கள். இவர், வேலைக்கு வருகிறவர்களுக்கு இங்கிலாந்து அரசாங்கம் அப்போது கொடுத்த ஒரு வவுச்சருக்கு விண்ணப்பித்து இங்கே வந்தார். பிறகு நான் வந்தேன். இங்கேயும் ரயில்வேயில் ஃபயர்மன் வேலை. மன்செஸ்டருக்குப் பக்கத்திலேயே வீடு. எஞ்சின்கள் பிறந்த ஊருக்கு நான் வாழ வந்தேன், வந்து பார்த்தால் இங்கேயும் அவை செத்துக்கொண்டிருந்தன.

அந்த இரண்டு மூன்று வருடங்களை நினைத்தால் இப்போதும் சந்தோசமாக இருக்கிறது. லீவு நாட்களில் இவரும் நானும் பிளாட்பாரங்களில் நின்றோம். சுற்றிவர மழைக்கோட்டுப் போட்ட ஆம்பிளைகள், கழுத்தில் காமரா, கையில் தேத்தண்ணிப் போத்தல். நடுவில் சேலைக்கு மேல் ஓவர்கோட்டுப் போட்டுக்கொண்டு நான், இடுப்பில் கைக்குழந்தை வாணி. முதலில் எல்லோரும் கோயில் யானையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். தூரத்தில் வருகிற எஞ்சின் நம்பரை அவர்களுக்கு முன்னால் நான் சொல்லத் தொடங்கிய பிறகு, ஒரு தாடிக்காரர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தந்தார். அன்றில் இருந்து எனக்கு அங்கே இடம் இருந்தது. வெயிலும் கடல் உப்பும் பழகின கண் என்று இவர் பெருமை அடிப்பார்.

வாடகை வீட்டுக்குப் பின்னாலும் தண்டவாளம். அங்கேதான் இவர் ஜயசேன மாத்தயாவின் விசிலை எனக்காக அடிக்கத் தொடங்கினார். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. செத்தவருடைய விசில், விடுங்கோ என்றேன். “அவர் எனக்குத் தந்தது இது ஒண்டுதான்,” என்றார். அதற்குப் பிறகு நானும் அந்த விசிலுக்கு உலை வைத்தேன். வாடகை வீட்டின் சொந்தக்காரி ஒருநாள், என்ன அடிக்கடி காதைக் கொடுத்துக் கேட்கிறாய் என்று விசாரித்தாள். நான் என் ஆங்கிலத்தில், ரயில் என்னைக் கூப்பிடுகிறது என்று சொல்லி வைத்தேன். அவள் பாவம், அன்றில் இருந்து என்னைத் தண்டவாளப் பக்கம் தனியே போக விடவில்லை.

அறுபத்தெட்டில் நீராவியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். கடைசி நாட்களில் பிளாட்பாரத்தில் பெரிய பெரிய ஆம்பிளைகள் அழுதார்கள். இவர் டீசலுக்கு மாறினார். அந்த விசிலை இனிக் கேட்கமாட்டேன் என்றுதான் நினைத்தேன். முப்பது வருடம் கழித்து, பென்சன் எடுத்து, இந்தப் பாதைக்கு வந்த முதல் ஞாயிறே கல்லுப்பாலத்தில் அதை அடித்தார். நான் குசினியில் நின்று அழுதுகொண்டு அரிசி கழுவினேன்.

6

ஒக்டோபரில் ஒருநாள் வாணி போன் எடுத்தாள். என் மகள் தமிழ் கதைப்பாள், இல்லை என்று சொல்லமாட்டேன். ‘அப்பா காலமாகி’ என்று அவளுக்கு வராது, ‘அப்பா முடிஞ்சு’ என்பாள். கேட்கும்போது சுருக்கென்று இருக்கும், திருத்தி என்ன செய்வது?

“அம்மா, அப்பா முடிஞ்சு ஒரு வருசத்துக்கு நான் ஒரு பிரசன்ட் தந்தனான். நீங்கள் ஒண்டுமே சொல்லேல்லை. பிடிக்கேல்லையா?”

“என்ன பிரசன்ட்?”

“விசில். அப்பாண்ட விசில். ஜெஃப்பிட்ட நான்தான் கேட்டனான், எவ்ரி சண்டே உங்கட வீட்டுக்குப் பின்னால அடிக்கச் சொல்லி.”

ஜெஃப் இவரோடு எஞ்சினில் வேலை செய்த வெள்ளைக்காரர். வாணியிடம் இருந்த ஒரு பழைய வீடியோவைப் போட்டுப் போட்டுக் கேட்டு, அந்தக் கடைசி இழுப்புக் கைக்கு வரும் வரை பழகினாராம்.

நெஞ்சில் இருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. உடனேயே கோபமும் வந்தது. “ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை? என்ர மூளை பிசகிப்போச்சு எண்டு நான் பயந்து செத்துக்கொண்டிருந்தன்.”

“சொன்னா சர்ப்ரைஸ் இல்லையே அம்மா. சொறி.”

“சரி, விடு. திவசத்தண்டு கேட்டபோதுதான் கூடப் பயந்திட்டன்.”

“திவசத்தண்டு அடிக்கேல்லை அம்மா,” என்றாள். “பிளான் பண்ணினது அண்டைக்குத்தான். ஆனா புல்லெல்லாம் காஞ்சு போய்க் கிடந்தது, நெருப்புப் பிடிக்கும் எண்டு ஸ்டீம் எல்லாம் கான்சல். டீசல்தான் ஓடினது. ஜெஃப் போன் எடுத்துச் சொறி சொன்னவர். அடுத்த சண்டேதான் ஸ்டார்ட் பண்ணினது.”

அவளை வைக்கச் சொல்லிவிட்டு ஜெஃப்புக்கே போன் எடுத்தேன். வாணி சொன்னது சரி. அந்த ஞாயிறு ஒரு எஞ்சினுக்கும் நெருப்புப் போடவில்லை, எல்லாம் ஷெட்டுக்குள் குளிர்ந்து கிடந்தன என்றார். டீசல் ஹோர்னை நீராவி விசில் என்று நான் நினைத்துவிட்டேனோ என்று மரியாதையாகக் கேட்டார். வெள்ளவத்தை மதிலில் நின்றே இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? நன்றி சொல்லி வைத்தேன்.

அன்றைக்கு முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை. இவர் புளுகவில்லை. தானத்தன்று இவர் கோப்பைதான் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே பதிலைச் சொன்ன மனிதரை நான் ஒருநாளும் நம்பவில்லை, இப்போது நம்புகிறேன் என்று சொல்ல ஆள் இல்லை.

சோமா அக்காவை நினைத்தேன். அந்த மனுசிக்கு ஏழாம் நாள் ஒரு விசில் வந்தது. அதற்கு மேல் வந்ததெல்லாம் இவருடைய இரக்கம். ஜயசேன மாத்தயா இன்னொரு தரம் வந்தாரா இல்லையா என்று அறிய அந்த மனுசிக்கு வழியே இல்லாமல் போய்விட்டது. இரண்டும் ஒரே மாதிரி, எதை எதிலிருந்து பிரிப்பது? பிறகு இரக்கமும் நின்றது. நின்றது எது என்றுகூட அவருக்குத் தெரியாது.

மறுநாள் வாணிக்குப் போன் எடுத்தேன்.

“ஜெஃப்பிட்டச் சொல்லு பிள்ளை, இனி அடிக்க வேண்டாம்.”

“ஏன் அம்மா? அவர் சரியா அடிக்கேல்லையா?”

“நல்லா அடிக்கிறார். அதுதான் வேண்டாம் எண்டுறன்.”

அவளுக்கு விளங்கவில்லை. அம்மா மெல்ல மெல்ல மனம் தேறுகிறா என்று எடுத்துக்கொண்டாள். பின்னால் நின்ற மருமகனிடம் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொன்னாள், குரலில் அவ்வளவு நிம்மதி. நான் அதைக் கெடுக்கவில்லை. பாசத்தில் செய்த பிள்ளை, நாளைக்கு என்னை நினைத்து நித்திரை இல்லாமல் கிடக்க வேண்டாம்.

ஜெஃப் நல்ல மனிதர், அந்தக் கிழமையே நிறுத்திவிட்டார். நேற்றுடன் இந்த வருட ஓட்டமும் முடிந்தது. கடைசி வண்டியை ஜன்னலில் நின்று பார்த்தேன். நம்பரும் கண்டேன். பேசாமல் போயிற்று. இன்று காலை ஆட்கள் வந்து பாதைக் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். வசந்தம் வரை அந்தத் தண்டவாளத்தில் ஒரு சக்கரமும் உருளாது. இனி அங்கே ஒரு விசில் கேட்டால், அது ஒருவருடைய இரக்கமாகவும் இருக்காது.

வருகிற ஞாயிறு மத்தியானம் எனக்குப் போன் எடுக்க வேண்டாம் என்று வாணியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கோயிலுக்குப் போறியளோ அம்மா என்று கேட்டாள். இல்லை, வீட்டில்தான் நிற்பேன் என்றேன்.